இரண்டாம் ஓலை

அந்த ஞாயிறு பூசையில் டென்சில், ஜூலியா இருவரின் பெயர்களையும் சாமியார் வாசிக்கவே இல்லை. போன வாரம் முதல் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது: இவர் இவரைக் கட்டப்போகிறார், தடை தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லலாம் என்று. இரண்டாம் ஓலையைக் கேட்கப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்த மனிதருக்கு எப்படி இருக்கும்?

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுன்காரரான டென்சிலுக்கு அறுபத்துமூன்று வயது. முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக். மனைவி போய் ஒன்பது வருடமாகிறது. ஜூலியா டீச்சர் அதுவரை கல்யாணமே வேண்டாமென்று இருந்தவர். நாள் குறித்த பிறகுதான் அந்த ரிப்போர்ட் வந்து தொலைத்தது: புராஸ்டேட்டில் புற்றுநோய், ஆரம்பக் கட்டம்.

டாக்டர் நிதானமாகத்தான் விளக்கினார். ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம், அல்லது கதிர்வீச்சு கொடுக்கலாம். இரண்டிலுமே சிறுநீர்த் தொல்லை வரலாம், தாம்பத்தியம் கெடலாம். இவருடையது மெதுவாக வளரும் வகை என்பதால், ஆறு மாதத்துக்கொரு ரத்தப் பரிசோதனை, இடையிடையே ஸ்கேன், பயாப்சி என்று கண்காணித்துக்கொண்டும் இருக்கலாம். வளர்ந்தால் அப்போது வைத்தியம். ஆனால் பரிசோதனைக்கு மட்டம் போட்டால் ஆபத்து. அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைபார்க்கும் மகன் க்ளென் யோசிக்க விட்டால்தானே! வெட்டி எறிந்துவிட வேண்டும், கல்யாணத்தை அப்புறம் பார்க்கலாம் என்று ஒற்றைக் காலில் நின்றான். பயம்தான், பாவம், அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளை. ஆனால் காரில் திரும்பும்போது ஒன்று சொன்னான் பாருங்கள்.

"இந்த வயசுல அதெல்லாம் எதுக்கு டாடி?"

டென்சிலுக்குச் சுருக்கென்று தைத்தது. எனக்கு ரிட்டயர்மெண்ட் கொடுக்க இவன் யார்? மறுநாளே ஜூலியாவை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். ஜூலியா கேள்வி மேல் கேள்வி கேட்டு, பதிலையெல்லாம் எழுதிக்கொண்டார். கண்காணிப்புதான் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். ஓடுகிற லிஃப்டை யாரும் கழற்றிப் போடுவதில்லை, தவறாமல் போய்ச் சோதிப்பார்கள். இது அவருக்குப் புரியாதா என்ன?

இப்போது ஓலையும் நின்றுபோனதில் அவருக்குக் கோபம் தலைக்கேறியது. பூசை முடிந்ததும் இருவரும் நேரே சாமியார் அறைக்குப் போனார்கள். சாமியார் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். க்ளென் வந்து, அப்பாவுக்குப் புற்றுநோய், அந்த அம்மாவுக்குத் தெரியுமோ என்னவோ, ஆபரேஷன் முடியும்வரை ஓலையை நிறுத்தி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டானாம்.

டென்சில் நாற்காலியில் உட்காரவில்லை.

"கேன்சர் தடைன்னு உங்க சட்டத்துல இல்ல ஃபாதர். ஆனா அவன் சொல்ற மாதிரி அறுத்துக்கிட்டு வந்து, அப்புறம் புருஷன் பொண்டாட்டியா நிரந்தரமா எதுவுமே முடியாமப் போச்சுன்னா, அது தடை. கல்யாண வகுப்புல நீங்கதானே சொன்னீங்க."

சாமியாருக்குக் காது சிவந்துவிட்டது. ஜூலியா பக்கம் திரும்பி, உனக்கு எல்லாம் தெரியுமாம்மா என்று கேட்டார்.

"எல்லாம் தெரியும் ஃபாதர். இவர் எத்தனை வருஷம் இருப்பாருன்னு மட்டும் தெரியாது. அது யாரைக் கட்டினாலும் தெரியாது. வர்ற ஞாயித்துக்கிழமை வாசிச்சிடுங்க."