எங்கள் வீட்டில் எலி இல்லை

நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. பால்காரர் தண்ணீர் கலக்கிறார், கறிக்கடைக்காரர் நேற்றைய கோழியை இன்றைக்குத் தள்ளிவிடுகிறார் என்பதையெல்லாம் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். அதனால் அந்தக் கார்த்திகை அடைமழையில் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்ததும், முதல் சந்தேகம் பக்கத்து வீட்டுப் பசுமாட்டின் மேல் போனது. சாணித் தண்ணீர் எங்கள் பின்சுவர் ஓரமாகத்தான் ஓடும்.

"உம் மாட்டாலதான் அவரு படுத்துக்கினு இருக்காரு" என்று சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன்.

"மாடு கட்டி எத்தினி வருசம் ஆவுது, இன்னிக்குத்தான் காய்ச்சல் வந்துச்சா? உன் வூட்டுக்குள்ள பாரும்மா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நான் விடுவேனா? அரைமணி நேரம் சண்டை நடந்தது.

வீட்டுக்குள் பார்க்க என்ன இருக்கிறது? கூடத்தில் தறி. அது குழித்தறி. தரையோடு தரையாக உட்கார்ந்து, எதிரே வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிக்க வேண்டும். அடைமழையில் அந்தக் குழியில் நீர் ஊறும். இறைத்துக் கொட்டினாலும் மறுநாள் கணுக்கால் அளவு நிற்கும். செருப்புப் போட்டுக்கொண்டு தறியில் இறங்குவது எங்களுக்குச் சாமி முன்னால் செருப்போடு நிற்பது மாதிரி. ஆகவே அவர் வெடித்த பாதத்தோடு நாள் முழுக்க அந்தத் தண்ணீரில்தான் மிதித்துக்கொண்டிருந்தார்.

எலியும் அந்தக் குழிக்குத்தான் வந்து போகும். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி வாசனை அதற்கு எப்படித்தான் தெரியுமோ. அதைப் பற்றி வெளியே மூச்சு விடமாட்டோம். பட்டும் ஜரிகையும் கொடுக்கிற முதலாளியின் காதில் விழுந்தால், எலி பாவைக் கடித்துவிடும் என்று அடுத்த பாவை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். எலிப்பொறி வைப்பதுகூட வாசல் கதவைச் சாத்திவிட்டுத்தான்.

காய்ச்சலோடு அவருக்குக் கெண்டைக்காலில் வலி. தொட்டாலே துடித்தார். கண் இரண்டும் சிவந்துபோயிருந்தன. மாடு, பால், கோழி என்று ஊரையே சந்தேகப்பட்ட நான் இந்த இரண்டை மட்டும் சந்தேகப்படவில்லை. மிதித்து மிதித்துக் கால் வலிக்கிறது, ஜரிகையைப் பார்த்துப் பார்த்துக் கண் சிவக்கிறது, காஞ்சிபுரத்தில் எந்த நெசவுக்காரருக்கு இது இல்லை? எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டேன். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் சிவந்த கண் மஞ்சளானது. ஒன்றுக்குப் போவதும் குறைந்துவிட்டது. பயந்துபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். "தண்ணில நின்னு வேலை செய்யறாராம்மா? வீட்ல எலித் தொல்லை ஏதாவது இருக்குதா?" என்று கேட்டார்.

பக்கத்தில் நர்ஸ் ஒருத்தி எழுதிக்கொண்டிருந்தாள். பேச்சைக் கேட்டால் நெசவுத் தெருப் பெண் மாதிரி இருந்தது. முதலாளிக்கு உறவாக இருந்தால்? போய் வத்தி வைத்துவிட்டால்?

"வூட்டுக்குள்ள உக்காந்து நெய்யறவரு சார். எலியெல்லாம் எங்க வூட்ல கெடையாது" என்றேன். டாக்டர் வேறு பரிசோதனைகளை எழுதினார்.

மறுநாள் காலை, சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை, இப்படியே போனால் உயிருக்கு ஆபத்து, காரணமும் பிடிபடவில்லை என்றார்கள். கட்டிலின் கால்மாட்டில் போய் உட்கார்ந்தேன். போர்வை விலகிக் கிடந்தது. அவருடைய உள்ளங்கால் ஊறி வெளுத்து, வெடிப்பு ஒவ்வொன்றும் வாயைத் திறந்துகொண்டிருந்தது. டாக்டர் கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஓடினேன். "எலி இருக்குது சார். தறிக்குழில தண்ணி நிக்குது, அதுலதான் எலி ஓடிக்கினு இருக்குது. நான் பொய் சொல்ட்டேன்" என்று அழுதேன். அந்த நர்ஸ் அங்கேதான் நின்றாள். கேட்டுக்கொள்ளட்டும்.

"எலி மூத்திரம் கலந்த தண்ணி கால் வெடிப்பு வழியா உள்ள போயிருக்கும்மா. நேத்தே சொல்லியிருக்கலாமே" என்றார் டாக்டர். எலிக்காய்ச்சல் என்று பேர் சொல்லி, உடனே மருந்தை மாற்றினார்.

பிழைத்துக்கொண்டார். பத்து நாள் கழித்துக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறபோது, நான் பொய் சொன்னதையும் அதனால் ஒரு நாள் வீணாய்ப் போனதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சேத்த அன்னிக்கு நீ மருந்து வாங்கப் போயிருந்தப்ப என்னியும் கேட்டாங்க. நானும் எலி இல்லன்னுதான் சொன்னேன்."

"முதலாளிக்குப் பயந்தா?"

"அவருக்கு இன்னா பயம்? சேதி வெளிய போச்சுன்னா, நான்தான் சொன்னேன்னு நீ என்னியத்தானே சந்தேகப்படுவ."