ஒரு காலுக்கு மூன்று லைன்

‘கூட ஆள்’ வேலைக்குப் படிப்பு வேண்டாம், பலம் வேண்டாம். உட்கார இடமில்லாத இடத்தில் நாள் முழுக்க நிற்கத் தெரிந்தால் போதும். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ள, ரத்தம் வாங்க, எக்ஸ்ரேவைக் காயவைக்க, நோயாளியோடு ஒருவர் இருந்தாக வேண்டும். உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? நீங்களும் தள்ளியவர்கள்தானே. அப்படி யாருமில்லாதவர்களுக்கு நான் ஆள். லாரி ஓட்டி ஓய்ந்த பிறகு டீக்கும் டிபனுக்குமாகப் பார்க்கும் வேலை இது. எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்காதீர்கள். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே எங்கோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு நானும் அங்கேதான் படுக்கணும்.

ஆள் இருக்கா?

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போன இடத்தில் அஞ்சலையின் கால் கட்டைவிரலில் முள் ஏறிவிட்டது. சர்க்கரை உடம்பு, வலியே தெரியவில்லை. தெரிந்தபோது விரல் கறுக்க ஆரம்பித்திருந்தது. எங்கள் தெருக்காரி. புருஷன் இல்லை, மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். அஞ்சலைக்குக் கால் இருந்தால்தான் கூலி, கூலி இருந்தால்தான் சோறு.

ஷேர் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் இருந்த நர்ஸம்மா காலைப் பார்க்கவில்லை, அஞ்சலைக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, “கூட ஆள் யாரு?” என்றார். அஞ்சலை என்னைக் காட்டினாள். எழுபதைத் தாண்டிய என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நர்ஸம்மா கேட்டார்: “சரி, இவரைப் பாத்துக்க யாரு வந்திருக்காங்க?”

விசிறி மட்டும் டூட்டியில்

‘சர்க்கரைப் புண் சிகிச்சைப் பிரிவு’ என்று கொட்டை எழுத்தில் பலகை. ‘மருத்துவம் மக்கள் உரிமை’ என்று பக்கத்துச் சுவரில் பெயின்ட். உள்ளே மேஜை, நாற்காலி, மின்விசிறி. அவற்றில் விசிறி மட்டும் டூட்டி பார்த்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா டெபுடேஷனில் வேறு ஊருக்குப் போயிருந்தார். போகும்போதெல்லாம் இதே கதைதான். யாரோ ஒருவர் கட்டுப் போட்டுவிட்டு, “அடுத்த வாரம் வந்து பாரு” என்பார்.

ஒரு நாள் போனால் வாசலில் பூந்தொட்டி, தரையில் பினாயில், அறைக்கு அறை டாக்டர்! மேலிடத்து இன்ஸ்பெக்‌ஷனாம். என் ஒரு இருமலை மூன்று டாக்டர்கள் மாறி மாறிக் கேட்டார்கள். நான்காமவருக்குக் கொடுக்க என்னிடம் இருமல் இல்லை. ஆனால் ஜனமும் என்றைக்குமில்லாத கூட்டம். பக்கத்தில் நின்ற பெரியவரிடம் எந்த ஊர் என்று விசாரித்தேன். “எங்க ஊரு ஆஸ்பத்திரி வேறங்க. இன்னிக்கி எங்க டாக்டரை இங்க இட்டுக்கினு வந்துட்டாங்க, நாங்களும் பஸ் ஏறிப் பின்னாலயே வந்துட்டோம்.”

மெத்துச் செருப்பு

அன்று எங்கள் டாக்டரம்மாவும் வந்திருந்தார். நல்ல மனுஷி. புண்ணைத் தானே சுத்தம் செய்தார். மெத்தென்ற ரப்பர் செருப்பு ஒரு ஜோடி கொடுத்து, “வெறுங்கால் தரையில படவே கூடாது. பட்டா விரலோட நிக்காது, காலே போயிடும்” என்றார். இனி வாரத்துக்கு ஒரு நாள் வருவதாகவும் சொன்னார்.

அஞ்சலை செருப்பை முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் காலைப் பார்த்துப் பார்த்தே நடந்தாள். பிறகு சொன்னாள்: “என் கண்ணாலத்துக்குக்கூட எவனும் எனக்கு இவ்ளோ மெத்தா வாங்கிக் குடுக்கல மாமா.”

மூன்றாவது ஆள்

டாக்டரைப் பார்க்க ஒரு லைன், ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டுக்கு ஒரு லைன், மருந்துக்கு ஒரு லைன். மருந்துக்கு ஒரே ஜன்னல், அதுவும் மதியம் மூடிவிடும். அந்த லைனின் தலை ஜன்னலில் இருந்தால் வால் மயிலம் மலையடியில் கிடக்கும். வாலில் நின்ற ஒருவர் மலையேறி முருகனைக் கும்பிட்டு, மொட்டையும் போட்டுக்கொண்டு திரும்பி வந்து அதே இடத்தில் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். மூன்று லைனையும் ஒரே காலையில் முடிக்க வேண்டும். நாங்களோ இரண்டு பேர்.

வாரங்கள் போயின, புண் மட்டும் ஆறவில்லை. நான் ரிசல்ட்டோடு அறைக்குள் நுழைந்தபோது டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். “செருப்பு குடுத்தேனே, என்னம்மா பண்றே? பத்திரமா பரண்ல வச்சிட்டியா?”

“ஐயோ, தெனமும் போட்டுக்கினுதாங்க இருக்கிறேன்.”

“இப்ப எங்கே?”

நானும் அப்போதுதான் குனிந்து பார்த்தேன். கட்டுப் போட்ட கால், வெறும் சிமென்ட் தரை. இடம் பிடிக்கச் செருப்பை வைப்பது எங்கள் ஊர் வழக்கம். பின்னால் நிற்பவர் காலால் தள்ளித் தள்ளி அதை நேர்மையாக முன்னேற்றிக்கொண்டே வருவார். யாரும் ஏமாற்ற மாட்டார்கள். மருந்து ஜன்னலுக்கும் இந்த அறைக்கும் நடுவே வெயிலில் கொதிக்கும் முற்றத்தைத் தாண்டி வாராவாரம் அவள் வெறுங்காலோடு வந்திருக்கிறாள். அஞ்சலை பெருமையாகத்தான் சொன்னாள்: “மருந்து லைன்ல நின்னுக்கினு இருக்குதுங்க. நான் இங்க முடிச்சிக்கினு போறதுக்குள்ள அது ஜன்னல்கிட்ட போயிடும்.”

புது போர்டு

கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். கால் தப்பியது. நடக்கிறாள், கொஞ்சம் சாய்ந்து. மல்லாட்டை பிடுங்க இப்போது குந்த முடியவில்லை. உட்கார்ந்தபடியே காய் ஆய்கிறாள், கூலி பாதி.

செருப்பு லைனில் நின்ற கதையை டாக்டரம்மா மேலே எழுதிப்போட்டார் என்று நர்ஸம்மா சொன்னார். மேலேயும் சும்மா இருக்கவில்லை, உடனே நடவடிக்கை எடுத்தார்கள். அடுத்த முறை நாங்கள் போனபோது மருந்து ஜன்னலுக்குப் பக்கத்தில், இன்னொரு ஜன்னல் திறக்கத் தோதான வெற்றுச் சுவரில், பளபளவென்று ஒரு போர்டு: ‘வரிசையில் செருப்பு வைக்கக் கூடாது.’ அதற்குக் கீழே செருப்புகளுக்குப் பதிலாகத் தண்ணீர் பாட்டில்களும் செங்கற்களும் ஒழுங்காக நின்றன.

அஞ்சலைக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று நான்தான் சொன்னேன். மெத்துச் செருப்போடு நின்று, போர்டை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இதை அடிக்க ஆள் கெடச்சான், மருந்து குடுக்கத்தான் ஆள் கெடக்கல போல.”

சுவரில் எழுதிய ‘மக்கள் உரிமை’ மனுஷர் வரைக்கும் வந்து சேர நாளாகும் போலிருக்கிறது. இப்போதைக்கு அது செங்கல் வரைக்கும் வந்திருக்கிறது.