ராசா அண்ணைக்கு வந்த கடிதங்கள்

பேத்தி பள்ளிக்கூட நாடகத்தில் ராணியாக நடித்த வீடியோவை மகன் குடும்பக் குழுவில் போட்டான். ஐந்து நிமிஷ வீடியோ. ஒரு நிமிஷம் ஆவதற்குள் இதயமும் கைதட்டலும் பூங்கொத்தும் வந்து குவிந்துவிட்டன. யாரும் முழுதாகப் பார்த்திருக்க முடியாது. நான் மட்டும் யோக்கியமா? கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பிவிட்டு பிரஷர் மாத்திரையைத் தேடப் போனேன். தேடும்போதுதான் ராசா அண்ணை ஞாபகத்துக்கு வந்தார்.

நாற்பது வருஷத்துக்கு முன், வளைகுடாவில் முசஃபா என்ற இடத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நான் கிளார்க், அவர் ஸ்டோர்கீப்பர். யாழ்ப்பாணத்து மேடைகளில் வருஷக்கணக்காக ராஜா வேஷம் கட்டியவர், எங்களிடம் வந்து நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஊரில் தபால்காரர் வாசலுக்கு வருகிற வழக்கமே கிடையாது. எல்லோருக்கும் தபால் ஆபீஸில் இருக்கும் கம்பெனியின் தபால்பெட்டிதான். அதன் சாவி என்னிடம். நாங்கள் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்பில் எனக்குக் கிடைத்த மரியாதை முழுக்க அந்தச் சாவிக்குத்தான், என் பி.காமுக்கு இல்லை.

பெட்டியைத் திறந்தால் பசையும் தாளும் சூடேறிய ஒரு வாசனை முகத்தில் அடிக்கும். உள்ளே பாதிக்கு மேல் ராசா அண்ணையின் கடிதங்கள்தான் இருக்கும். "இது கம்பெனி பாக்ஸா, அந்த ஆளோட பாக்ஸா?" என்று மலையாளி மேனேஜர் என்னிடம் பாய்வார். என்ன செய்வது? வெள்ளிக்கிழமைகளில் சங்கத்து ஹாலில் அண்ணை நடிப்பதை யாராவது கேசட்டில் பதிவு செய்வார்கள். அது அஜ்மான், தம்மாம் என்று கைமாறிப் போகும். தம்மாமில் மேடை போட அனுமதி ஏது? ரூமுக்குள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். மகனை இழந்த ராஜா புலம்புகிற காட்சியை லாரியில் போட்டுக் கேட்டு அழுததாக ஒரு டிரைவர் எழுதியிருந்தார். பிள்ளைக்குப் பெயர் வைக்கச் சொல்லி ஒருவர், தம்பிக்கு விசா கேட்டு இன்னொருவர். அண்ணை எல்லாவற்றையும் சிரித்தபடி படித்துவிட்டு பிஸ்கட் டின்னுக்குள் போட்டுவிடுவார்.

ஒரே ஒருவருடைய கடிதத்துக்கு மட்டும் அவர் முகம் மாறும். கொழும்பில் ஒரு டீச்சர். ஊரில் அண்ணையின் நாடகங்களைப் பார்த்தவராம். அவருக்கு மட்டும் அண்ணை தன் கையாலேயே கேசட் அனுப்புவார். பதில் நீல ஏரோகிராமில் வரும். அன்பும் கிடையாது, நலம் விசாரிப்பும் கிடையாது. "ஐயா, இரண்டாம் காட்சியில் மூச்சு வாங்குகிறீர். சிகரெட்டைக் குறையும்" என்றுதான் ஆரம்பிக்கும்.

"பாத்தியே தம்பி, நான் இஞ்ச மூச்சு வாங்கிறது கொழும்பில இருக்கிற மனுசிக்குக் கேக்குது" என்று திட்டிக்கொண்டே அந்த வாரம் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்.

எண்பத்து மூன்று ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தன. யாழ்ப்பாணத்திலிருந்த மனைவி மக்கள் சுகம் என்று அண்ணைக்குத் தந்தி வந்துவிட்டது. கேம்ப்பில் மற்ற சிலோன்காரர்கள் ரேடியோவைச் சுற்றிச் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணைக்கு வந்த கடிதங்களும் மாறிப்போயின. "உங்களுக்கு நாலா பக்கமிருந்தும் ஆட்கள் எழுதுவினம். வெள்ளவத்தையில் கடையில் நின்ற என் தம்பியைப் பற்றி யாராவது எழுதினவையோ?" அண்ணை யாரையும் விடாமல் பதில் எழுதினார். ஒரு கடிதத்தில் வந்த சேதியை இன்னொரு கடிதத்தில் போட்டு அனுப்பினார். அப்படிச் சிலர் கிடைத்தார்கள்.

டீச்சரிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. நான் சாவியோடு திரும்பும்போதெல்லாம் ஸ்டோர் ஜன்னலில் நிற்பார்.

"வந்ததோ?"

"மாஃபி அண்ணே."

தமிழில் இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அரபியில் சொன்னால் கொஞ்சம் லேசாக இருக்கும் என்று நினைத்தேன். முட்டாள்தனம்தான்.

அந்தக் குளிர்காலத்தில் மறுபடியும் அதே ராஜா நாடகம். அண்ணை அப்படி ஒரு மோசமான நடிப்பைக் கொடுத்து நான் பார்த்ததில்லை. வசனத்தை விழுங்கினார், புலம்பலைப் பாடம் ஒப்பிப்பதுபோல ஓட்டினார். ஹால் எழுந்து நின்று கைதட்டியது. அன்றைக்கு அங்கே இருந்தவர்களுக்கு அழ ஒரு சாக்கு போதுமாக இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம், "உடம்புக்கு என்னண்ணே?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை. வேணுமெண்டுதான் செய்தனான். இதைக் கேட்டா அவவாலை பொறுக்கேலாது. எங்க இருந்தாலும் எழுதுவா."

மறுநாளே அந்தக் கேசட்டை ரிஜிஸ்டர் தபாலில் கொழும்புக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு ஜன்னலில் நிற்கும்போது அவர் முகத்தில் ஒரு குறும்பு இருந்தது. எனக்கு அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

கோடை வெயில் ஏற ஆரம்பித்த ஒரு நாள் பெட்டியைத் திறந்தேன். அதே பார்சல். அந்த விலாசத்தில் அப்படி யாரும் இல்லை என்று முத்திரை குத்தித் திருப்பியிருந்தார்கள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரிக்கவில்லை. "தம்பி, அண்டைக்கு நான் எப்பிடி நடிச்சனான்? உள்ளதைச் சொல்லு" என்றார்.

"மோசம்ணே. ரெண்டாவது காட்சியில பாதி வசனத்தை முழுங்கிட்டீங்க. மகன் செத்த மாதிரியே இல்லை."

"ஓம்" என்றார். "அவவும் இதைத்தான் எழுதியிருப்பா." நட்டு போல்ட்டு டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். அதன் பிறகு அவர் மேடை ஏறவில்லை. வற்புறுத்த யாருக்கும் மனம் வரவில்லை.

பிறகு அவர் கனடா போனார், அங்கேயே காலமானார். அந்த பிஸ்கட் டின் எங்கே போனதோ. ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் இப்போது கார் ஷோரூம் என்கிறார்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து வீடியோவை முழுதாகப் பார்த்தேன். கடைசி வசனத்தைப் பேத்தி அவசரமாக விழுங்குகிறாள். அதை எழுதலாமா என்று குழுவைத் திறந்தேன். அதற்குள் யாரோ காலை வணக்கம் போட்டு, அவள் ராணி வேஷம் மேலே போய்விட்டிருந்தது.

டீச்சருக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை யாரும் எழுதவில்லை.