அவர் முகத்துக்கு ஒரு பிரஷ்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன். அதற்கப்புறம் ரேஷன் கடையில் கையெழுத்துப் போட்டதைத் தவிரப் பேனாவைப் பிடித்ததில்லை. ஒன்றைச் சொல்லும்போது இன்னொன்று மறந்துபோகும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவும் எனக்குக் கூச்சம். அப்படித் திறக்காததெல்லாம் நெஞ்சுக்குள் கிடந்து கொதிக்கிறது. அதனால் எழுதுகிறேன். ஒரு ஷேவிங் பிரஷ் வாங்க நான் பட்ட பாடு இது.

என் வீட்டுக்காரர் ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் திடமாகத்தான் இருந்தார். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. சொல்வதெல்லாம் புரியும், பதில்தான் வராது. இடது கையால் ஜாடை காட்டுவார். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தபோது, அவருடைய பிரஷ்ஷை எடுத்து என் மருமகள் பினாயில் தொட்டு ஜன்னல் கம்பி இடுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இது அவர் பிரஷ்ஷாச்சேம்மா" என்றேன்.

"இனிமே அவருக்கு எதுக்கு அத்தை?" என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். கெட்ட எண்ணம் என்றால் சண்டையாவது போடலாம்.

அவருக்கு எதற்கு என்றால், சொல்கிறேன். டேனரியில் வேலை செய்கிறவர்கள் மேல் ஒரு வாடை இருக்கும். ஊறின தோலும் சுண்ணாம்பும் மருந்தும் சேர்ந்த வாடை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் அது முகத்து மயிரில் நிற்கும் என்பது அவர் கட்சி. அதனால் தினமும் வேலை விட்டு வந்ததும் கிணற்றடியில் உட்கார்ந்து, கிண்ணத்தில் நுரை எழுப்பி, மழமழவென்று சிரைத்துக் குளித்த பிறகுதான் வீட்டுக்குள் நுழைவார். பிள்ளைகளைத் தூக்குவதும் அதற்குப் பிறகுதான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. அவருக்குத் தாடி என்றால் நாற்றம். அவ்வளவுதான். இது வீட்டில் எல்லோரும் கண்ணால் பார்த்த விஷயம். யாரும் கதை கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

டேனரியில் அவரோடு ஒரே தொட்டியில் வேலை பார்த்த பாய் ஒருவர் உண்டு. பேரணாம்பட்டுக்காரர். இவருக்கு இருக்கும் ஒரே தோஸ்த். உடம்பு முடியாத சேதி கேட்டுப் பார்க்க வந்தார். அப்போது இவருக்கு முகமெல்லாம் வெள்ளை முள்ளாக வளர்ந்திருந்தது. பாயின் குரல் வாசலில் கேட்டதும், இவர் இடது கையால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டுவிட்டார். பாய் கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டு, போட்ட டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். இவர் தூங்கவில்லை என்பது பாய்க்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதே பாய் பிறகு ஒரு நாள் போன் செய்தார். பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விடப் போவதாகவும், இனிமேல் இந்தப் பக்கம் வருவது கஷ்டம் என்றும், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவதாகவும் சொன்னார். மறுபடியும் போர்வையை இழுத்துக்கொண்டால் அப்புறம் ஏது?

சலூன்காரரைக் கூப்பிட்டு அனுப்பினோம். கடையை விட்டு வரமாட்டேன் என்று பேஜார் பண்ணி, கடைசியில் வந்தார். ஒரு மிஷினை எடுத்து, புல் வெட்டுகிற மாதிரி மேலோட்டமாக ஓட்டினார். பாதி மயிர் அப்படியே நின்றது. சுத்தமாக எடுக்கும்படி நான் மெதுவாகக் கேட்டதற்கு, படுத்திருக்கிறவருக்கு இவ்வளவு போதும் என்று என் மகனைப் பார்த்துச் சொன்னார். கேட்டது நான். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. படுத்திருந்தால் முகம் பாதியாகக் குறைந்துவிடுமா?

நானே செய்கிறேன் என்று ஆரம்பித்தேன். மகன் நுரை டப்பா ஒன்று வாங்கி வந்தான். அமுக்கினால் நுரை வருகிறது, ஆனால் அது தோலின் மேல் நிற்கிறதே தவிர மயிரின் அடிக்குப் போகவில்லை. பல் விழுந்து கன்னம் குழிந்துபோன மனிதருக்கு மயிர் நன்றாக ஊறினால்தான் பிளேடு வழுக்கும். இழுத்ததில் வலது கன்னத்தில் ரத்தம் வந்துவிட்டது. அந்தப் பக்கம் அவருக்கு உணர்ச்சி கிடையாது. வெட்டினது அவருக்குத் தெரியவே இல்லை, என் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். பிரஷ் இல்லாமல் ஆகாது என்று அன்றைக்குத் தீர்மானித்தேன்.

ஆம்பூர் பஜாரில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். பிரஷ் எல்லாம் அட்டையோடு பிளாஸ்டிக்கில் ஒட்டித் தொங்கின. பிரித்துத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, பிரித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள். புடவை வாங்கினால் மடிப்பைக் கலைத்துப் பார்க்கிறோம், கத்தரிக்காய் வாங்கினால் காம்பைத் திருப்பிப் பார்க்கிறோம். முகத்தில் தேய்க்கிற பொருளைத் தொட்டுப் பார்க்கக் கூடாதாம். வாங்கி வந்து தண்ணீரில் நனைத்து அவர் முகத்தில் வைத்தேன். மயிர் கொத்துக் கொத்தாகக் கழன்று அவர் உதட்டில் ஒட்டியது. துப்பவும் அவரால் முடியவில்லை. நான் விரலால் ஒவ்வொன்றாக எடுத்தேன். அடியில் பசை போட்டிருக்கிறார்களா எச்சில் தொட்டு ஒட்டியிருக்கிறார்களா என்று கேட்க நினைத்தேன். திருப்பிக் கொண்டுபோய்க் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

என் மகன் ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் செக்ஷனில் இருக்கிறான். தைத்து முடித்த ஷூவுக்குக் கிரீம் தடவி மினுக்குகிற இடம். நான் படும் அவஸ்தையைப் பார்த்துவிட்டு, அடுத்த நாள் வேலை விட்டு வரும்போது காகிதத்தில் சுற்றி ஒரு பிரஷ் கொண்டுவந்தான்.

"தொட்டுப் பாரும்மா. பட்டு மாதிரி இருக்கு. வெளிநாட்டுக்குப் போற சரக்குக்கு யூஸ் பண்றது. சூப்பர்வைசர்கிட்ட கேட்டு வாங்கியாந்தேன்."

தொட்டுப் பார்த்தேன். பட்டு மாதிரிதான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. ஆனால் உடனே அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"செருப்புக்குப் போடறதைக் கொண்டாந்து உங்கப்பா மூஞ்சிக்குப் போடச் சொல்றியா?"

"செருப்பு இல்லம்மா, ஷூ. புதுசும்மா அது. ஒரு ஷூ மேலகூடப் பட்டதில்ல."

"புதுசா இருந்தா இன்னா? எதுக்குன்னு பண்ணது அது?"

அவன் என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, அதை அப்பாவிடமே காட்டினான். அவர் இடது கையால் வாங்கி மூக்கருகில் வைத்தார். கம்பெனி அலமாரியில் மற்ற பிரஷ்களோடு கிடந்ததில் ஷூ மெழுகு வாடை அதில் ஏறியிருந்தது. முகர்ந்ததும் கையிலிருந்து விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மகனுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல பொருள் என்றுதான் கொண்டுவந்தான், இல்லை என்று சொல்லவில்லை. நாள் முழுக்க ஷூவைத் தொட்டுத் தொட்டு, அவனுக்கு அது காலில் போடுகிறது என்பதே மறந்துபோயிருக்கிறது. ஆனால் ஆயுசு பூராவும் தோல் வாடையைக் கழுவிக் கழுவி இவனைத் தூக்கி வளர்த்த மனிதர் அவர். அதை நினைத்துப் பார்க்க வேண்டாமா?

மறுநாள் நான் தனியாக வேலூருக்குப் பஸ் ஏறினேன். தனியாகப் போய்ப் பழக்கமில்லை. பள்ளிகொண்டா தாண்டும் வரைக்கும் முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடியே இருந்தேன். லாங் பஜார் பக்கத்தில் சலூன் சாமான் விற்கிற கடை ஒன்று இருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்கள். சின்னக் கடை. முழுக்க ஆண்கள். கண்ணாடி, கத்தி, சுழலும் நாற்காலி என்று அடைத்து வைத்திருந்தார்கள். கடை முதலாளி, மூக்குக் கண்ணாடி போட்ட வேறொரு பாய், இன்னா வேணும் என்று கேட்டார். பிரஷ் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை சொன்னேன்.

நாலைந்து பிரஷ்ஷை எடுத்து வைத்தார். அட்டை கிடையாது, பிளாஸ்டிக் கிடையாது. ஒவ்வொன்றாக அடியில் பிடித்து மயிரை இழுத்துப் பார்த்தேன். இரண்டில் மயிர் கழன்றது. அவற்றை ஒதுக்கினேன். விரித்துப் பார்த்தால் நடுவில் ஓட்டை தெரிகிறதா என்று பார்த்தேன். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டேன். கொடுத்தார். நனைத்துப் புறங்கையில் அழுத்தினேன். ஒன்று நைலான், தண்ணீரை அப்படியே கீழே விட்டுவிட்டது. இன்னொன்று கையில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கை வேறு, முகம் வேறு. எனக்கு வேறு வழி தெரியவில்லை. நனைந்த பிரஷ்ஷை என் கன்னத்தில் வைத்துச் சுற்றினேன்.

கடையில் நின்றிருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

"ஆயாவுக்கு மீசை முளைச்சிடுச்சு போல" என்றான் ஒருத்தன்.

பிரஷ்ஷை வைத்துவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் அவர் உதட்டில் ஒட்டின மயிர் ஞாபகத்துக்கு வந்தது. மறு கன்னத்திலும் வைத்தேன். மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். குத்தியது. அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததை நனைத்தேன். அப்புறம்தான் அவன் பக்கம் திரும்பினேன்.

"எனக்கில்லப்பா. வாய் பேச முடியாதவருக்கு. குத்துனா குத்துதுன்னு அவரு சொல்ல மாட்டாரு. அதான் நான் பாத்துக்கறேன்."

முதலாளி அவர்களைக் கடைக்கு வெளியே நிற்கச் சொன்னார். எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்.

கடைசியாக வைத்த பிரஷ் நன்றாக இருந்தது. அடர்த்தியாக, தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, நுனியில் மெத்தென்று. கைப்பிடி கொஞ்சம் தடிமன், என் விரலுக்குத் தோதாக நின்றது. இது என்ன முடி என்று கேட்டேன்.

"குதிரை வால் முடிம்மா. உங்க ஊர் ஷூ கம்பெனில மினுக்கறாங்க பாருங்க, அதுவும் இதே முடிதான். கட்டறதுதான் வேற" என்றார்.

பஸ் பிடித்து வந்து, ஊர் சிரிக்கக் கன்னத்தில் தேய்த்து, கடைசியில் அதே முடி. இருந்தாலும் அதையே வாங்கினேன். முடி ஒன்றாக இருக்கலாம். அது ஷூவுக்கென்று கட்டினது, இது முகத்துக்கென்று கட்டினது. இதை நான் இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மகனிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான், எனக்கு இன்னும் கோபம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரஷ்ஷை வெந்நீரில் ஊறப்போட்டேன். எவர்சில்வர் கிண்ணத்தில் சோப்பை வைத்துச் சுற்றினேன். முதலில் தண்ணியாக வந்தது, பிறகு தயிர் மாதிரி கெட்டியாக நின்றது. அவர் முகத்தில் வைத்ததும் என்னைப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பக்கம் முடிந்ததும் நான் சொல்லாமலே தலையைத் திருப்பி மறு கன்னத்தைக் கொடுத்தார். உணர்ச்சி இல்லாத பக்கத்தை இரண்டு தடவை நுரைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். ஒரு பொட்டு ரத்தம் வரவில்லை. முடிந்ததும் இடது கையால் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கண்ணாடி கேட்கவில்லை.

பாய் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. "முழிச்சிருக்கானா?" என்று தயங்கினாற்போலக் கேட்டார். உள்ளே வரச் சொன்னேன். என் கண் போர்வை மேலேயே இருந்தது. அவர் இடது கை அதன் விளிம்பில்தான் இருந்தது. ஆனால் இழுக்கவில்லை.

பாய் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இவர் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"இன்னாடா, என்னைவிட ஷோக்கா இருக்கே? பொண்ணு பாக்கக் கிளம்பிட்டியா?"

இவருக்கு ஒரு பக்க வாய் மட்டும் சிரித்தது. போர்வை விளிம்பை விட்ட கையை நீட்டி, பாயின் தாடியைப் பிடித்து வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தார். பாய், "அண்ணி, இவன் கையைப் பிடிங்க, மிச்சம் இருக்கறதும் போய்டும்" என்று கத்தினார். அன்றைக்கு இரண்டு டீ குடித்தார். போகும்போது இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து போனார்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். மறுநாள் காலையில் நான் மறுபடியும் வெந்நீர் வைத்தேன். மகன் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"அதான் பாய் வந்துட்டுப் போய்ட்டாரேம்மா. இனிமே மாசத்துக்கு ஒருவாட்டி பண்ணாப் போதாதா? யார் பாக்கப் போறாங்க?"

"நான் பாக்கறேன்" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. நான் திரும்பச் சொல்லவும் இல்லை, உள்ளே போய்விட்டேன். அதனால் இங்கே சொல்கிறேன். காலையில் கண் விழித்ததிலிருந்து விளக்கு அணைக்கிற வரைக்கும் அந்த முகத்தை நான்தான் பார்க்கிறேன். நான் ஆள் இல்லையா? அவரும்தான் கையால் தடவித் தடவிப் பார்த்துக்கொள்கிறார். அவர் ஆள் இல்லையா? தினமும் செய்கிறேன். இன்றைக்கும் செய்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

குதிரை முடி என்பது கடைக்காரர் சொன்னது. சரியா என்று தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். ஷூ கம்பெனி வேலையைப் பற்றியும், டேனரி மருந்தைப் பற்றியும் எழுதினதில் பிசகு இருக்கலாம். பக்கவாதம் வந்தவர் முகத்தில் எந்தப் பக்கத்திலிருந்து பிளேடை ஓட்டவேண்டும் என்பதையும் விவரம் தெரிந்தவர் ஒருவர் சரிபார்த்தால் நல்லது. நான் என் கணக்குக்குச் செய்துகொண்டிருக்கிறேன்.