வெந்நீரில் ஊறிய ஸ்வெட்டர்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஜனவரி மாதம். வேலூர் வெயிலில் வளர்ந்த நான், பெங்களூரில் வேலை கிடைத்து ஆடுகோடியில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அலுவலகத்தில் என் நாற்காலிக்கு நேர் மேலே ஏ.சி. நாள் முழுக்கப் பல் தந்தியடிக்கும்.

பக்கத்து இருக்கைக்காரி கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருபவள். இந்த ஊரில் எனக்கிருந்த ஒரே சிநேகிதி. ஒருநாள் தன் மஞ்சள் ஸ்வெட்டரைக் கழற்றி என் மேல் போட்டாள்.

"போட்டுக்கோ. ஆட்டுக்குட்டிக்கு மொதமொதல்ல வெட்டுற முடி இது, குத்தாது" என்றாள்.

கம்பளி என்றாலே அரிக்கும் என்று நினைத்திருந்தேன். இதுவோ தோளில் இருப்பதே தெரியவில்லை. ஆனால் குளிர் போன இடம் தெரியவில்லை!

இரவல் வாங்கிய துணியைத் துவைக்காமல் திருப்பிக் கொடுப்பது எங்கள் வீட்டில் பெரிய மரியாதைக் குறைவு. கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் சோப்புத்தூளைப் போட்டு ஊறவைத்து, நன்றாகக் கும்மினேன். வெளியே எடுத்தால், ஐந்து வயதுக் குழந்தைக்குக்கூடப் பற்றாது. தடித்து, இறுகிப்போயிருந்தது. இருக்கிற ஒரே சிநேகிதியும் போய்விடுவாள் என்று பயம்.

"இன்னும் காயலப்பா" என்று நான்கு நாள் சமாளித்தேன். ஐந்தாம் நாள் அவள் இருமிக்கொண்டே வந்தாள். விடியற்காலை ரயிலில் வெறும் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். வெட்கமாகிவிட்டது. பைக்குள் ஒளித்து வைத்திருந்ததை எடுத்து நீட்டி, எல்லாவற்றையும் சொன்னேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், அக்கம்பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். சிரித்து முடித்ததும்தான் கோபம் வந்தது.

"சுருங்குனது போவட்டும்டி. நாலு நாளா நடுங்கிக்கினு வரேன், வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா? அன்னைக்கே வேற வாங்கியிருப்பேன்ல."

சொல்லிக்கொண்டே மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, ஸ்வெட்டரின் கையைச் சரக்கென்று வெட்டினாள். பதறிப்போனேன். ஒரு நூல் பிரியவில்லை! இப்படி இறுகிய கம்பளி வெட்டினாலும் பிரியாதாம்.

அன்று மாலையே அவளை இழுத்துப்போய்ப் புது ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தேன். மறுவாரம் போனில் ஒரு படம் வந்தது. அவளுடைய எட்டு மாத மகன், தலையில் அதே கம்பளியில் தைத்த மஞ்சள் குல்லா, காலில் மஞ்சள் காலுறை, பொக்கை வாய்ச் சிரிப்பு. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போதெல்லாம் எதைக் கெடுத்தாலும் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன். நான் வாய் மூடி இருக்கும் நேரத்தில் யாராவது குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கலாம்.