பாய் கிணறு

ஜீயபுரத்தில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்துக் கிணற்றை ஊரே ‘பாய் கிணறு’ என்கிறது. பல வருஷமாக எனக்கு இது பொறுக்கவில்லை. அதில் விழுந்தவன் நான். பேர் மட்டும் பரக்கத் அலி பாய்க்கு.

ஐம்பத்தெட்டில் அதற்குச் சுற்றுச்சுவர் கிடையாது. வாழை இலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். பஸ் போய்விட்டது, நான் உள்ளே போய்விட்டேன். எதிரே சைக்கிள் கடை வைத்திருந்த பாய், பழைய டியூபுகளை முடிச்சுப் போட்டு இறக்கினார். ரப்பர் அல்லவா? பாதி ஏறுவேன், அது நீளும், மறுபடி தண்ணீருக்கே போவேன்.

“விட்டுடாதே பிச்சைமுத்து! டியூபு என்னோடது!” என்று மேலிருந்து கத்தினார்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்த விளிம்பில்தான் நடந்து போகும். ஒரு பிள்ளை விழுவதற்குள் சுவர் எழும்பியாக வேண்டும் என்று பாய் பஞ்சாயத்துக்குப் போனார். அது தனியார் கிணறு என்றார்கள் அவர்கள். பஞ்சாயத்துக் கிணறு என்றார் பக்கத்து நிலத்துக்காரர். கிராம வரைபடத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதுவோ கணக்குப்பிள்ளை வீட்டுப் பெட்டிக்குள் இருந்தது. பாய் போகும்போதெல்லாம் அவர் சாப்பிடுவார், இல்லாவிட்டால் தூங்குவார். இரண்டும் இல்லாத நாளில் பெட்டிச் சாவி லால்குடிக்குப் போயிருக்கும்.

ஒருநாள் கணக்குப்பிள்ளையின் சைக்கிள் பஞ்சராகிக் கடைக்கு வந்தது. சாயங்காலம் வாங்க வந்தவரிடம் பாய் உட்கார்ந்தபடியே சொன்னார்:

“உள்ளே வச்சுப் பூட்டியிருக்குங்க. சாவி லால்குடி போயிருக்கு.”

“என்னய்யா விளையாட்டு? அது என் சைக்கிள்!”

“வரைபடமும் ஊரோடதுதானுங்களே. நாளைக்கு வாங்க. நான் தூங்காம இருந்தா பார்ப்போம்.”

அந்த வாரம் முழுக்கக் கணக்குப்பிள்ளை கிணற்றோரமாக நடந்தே போனார். ஓர் அந்தி மங்கலில் அவருக்குக் கால் சறுக்கியது. முன்னால் போன என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவர் நின்றார், வேட்டி நிற்கவில்லை.

மறுநாள் காலையில் வரைபடம் தானே கடைக்கு வந்தது. கிணறு இருந்தது புறம்போக்கில், அதாவது ஊர்ப் பொது இடத்தில். பஞ்சாயத்தால் மறுக்க முடியவில்லை. சுவர் எழும்பியது. கூடவே பாய் பேரும் ஒட்டிக்கொண்டது. விழுந்தவனையும் வேட்டி கொடுத்தவனையும் யார் நினைத்தார்கள்?

போன வருஷம் பாய் பாலக்கரையில் மகள் வஹீதா வீட்டில் படுக்கையாகக் கிடந்தார். பேர் விஷயத்தை அன்றைக்காவது கேட்டுவிடுவது என்றுதான் போனேன். அவர் முந்திக்கொண்டார். என்னிடம் அவர் கடைசியாகச் சொன்ன வேலை அது.

“வடக்குப் பக்கம் செங்கல் பெயர்ந்திருக்காமே மாப்ளே. பஞ்சாயத்துல மனு குடு. உன் பேர்லயே குடு. விழுந்தவன்னு மறக்காம எழுது.”