கடல் இல்லாத ஊரில் ஒரு கல்லூரி

சிங்கப்பூர் பஃபலோ ரோட்டு மிளகாய் மில்லில் வேலை பார்த்த ரத்தினம்மாவைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். கிறுக்கி என்றுகூடச் சொல்கிறார்கள். சொல்கிற ஒருவரும் அவளோடு ஒரே கூரையின்கீழ் இருந்ததில்லை. நான் இருந்தேன். கெர்பாவ் ரோட்டுக் கடைவீட்டின் மேல்மாடியில் முன் அறை அவளுக்கும் அவள் புருஷன் கோவிந்தசாமிக்கும், பின் அறை எனக்கு. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவள் தும்மினால் எனக்குத் தூக்கம் கலையும். ஆகவே நான் சொல்வதைக் கேளுங்கள்.

அவளுக்கு ஒரே பிள்ளை, சேதுபதி. அவன் பிறந்த வருஷமே சிராங்கூன் ரோட்டு இராமசாமி ஜோசியர் ஜாதகம் கணித்துக் கொடுத்தார். இருபத்தைந்து வயது முடிகிற வரைக்கும் பையனுக்குத் தண்ணீரில் கண்டம் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். வைத்த பெயரைப் பாருங்கள், சேதுபதி என்று கடலையே கட்டி ஆண்டவன் பெயர். அந்தப் பிள்ளையை அவள் ஒரு குளத்தில் கால் நனைக்க விடவில்லை. எட்டு வயது வரை குவளையில் மொண்டு ஊற்றித்தான் குளிப்பாட்டினாள். மழை பெய்து தெருவில் தண்ணீர் ஏறினால் மேலே கொண்டு வந்து கதவைத் தாழ்ப்பாள் போடுவாள். பதினைந்து வயதுப் பையன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே மற்றப் பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

நான் ஓபிர் ரோடு லூர்து மாதா கோவிலுக்குப் போகிறவள். எனக்கு ஜாதகமும் இல்லை, கண்டமும் இல்லை. "பிள்ளைக்கு நீந்தக் கத்துக் கொடு ரத்தினம், பயம் போயிடும்" என்று ஒருமுறை சொன்னேன். அவள் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. மிளகாய் அரைத்து அரைத்து அவள் கை இரண்டும் எப்போதும் சிவந்து எரிந்துகொண்டிருக்கும். பேச்சும் கொஞ்சம் அப்படித்தான்.

பையன் மோசமில்லை. மவுண்ட் எமிலி மேட்டில் நீச்சல் குளம் இருக்கிறது அல்லவா, அவனுடைய கூட்டாளிகள் அங்கே போய் நீந்துவார்கள். இவன் அவர்கள் சட்டைகளுக்குக் காவல். உட்கார்ந்து உட்கார்ந்து சலித்துப்போய் ஒருநாள் ஒரு பாக்கு மட்டையை எடுத்து, அதில் உட்கார்ந்து மேட்டிலிருந்து புல்லில் சறுக்கி இறங்கினான். அப்புறம் அதே வேலைதான். மற்றவன் குளத்தில், இவன் மட்டையில். பின்பக்கம் கிழியாத கால்சட்டை ஒன்று அவனிடம் இருந்ததில்லை. தைத்துக் கொடுத்தவள் நான்.

அந்தச் சமயம் டின்பால் கம்பெனிக் காலண்டர் ஒன்றைக் கடையில் கொடுத்தார்கள். அதில் ஒரு வெள்ளைக்காரன் காலில் இரண்டு நீளப் பலகைகளைக் கட்டிக்கொண்டு, வெள்ளை வெளேரென்ற மலையிலிருந்து பாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தான். வருஷம் முடிந்தது, காலண்டர் சுவரை விட்டு இறங்கவில்லை. சேதுபதி அதன் அடியில்தான் பாய் விரித்துப் படுப்பான். இது என்னடா என்று கேட்டேன். பனிச்சறுக்கு என்றான். உலகத்தில் எனக்கென்று ஒரு விளையாட்டு இருக்கிறது பெரியம்மா, அதில் தண்ணீரே இல்லை என்று சிரித்தான். அவன் சிரித்தால் அழகாக இருப்பான்.

படிப்பில் கெட்டிக்காரன். 1959இல் ரோடும் பாலமும் போடுகிற படிப்புக்கு வெளிநாடு போக உதவித்தொகை கிடைத்தது. மூன்று கல்லூரிகளின் பெயரைக் கொடுத்து, எது வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் முன் அறையில் உலகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு அம்மாவும் பிள்ளையும் உட்கார்ந்தார்கள். கோவிந்தசாமி பஸ் கண்டக்டர். பகலெல்லாம் கத்தி டிக்கெட் கிழித்துவிட்டு வீட்டில் வாயே திறக்காத மனுஷன். ஓரமாக உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னையும் கூப்பிட்டார்கள்.

ரத்தினம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் படத்தில் நீலம் என்றால் தண்ணீர் என்று தெரியும். முதல் கல்லூரி ஆஸ்திரேலியாவில், கடற்கரை ஊர். நீலத்தைப் பார்த்ததும் கையாலேயே தள்ளிவிட்டாள். இரண்டாவது இங்கிலாந்தில். ஊருக்கு நடுவே ஆறு ஓடுகிறது என்று அந்த முட்டாள் பையன் உண்மையைச் சொல்லிவிட்டான். அதுவும் போயிற்று. மூன்றாவது கனடாவில், நடு நாட்டில், மலையோரமாக. அவள் விரலை வைத்துப் பார்த்தாள். சுற்றிலும் பழுப்பு நிறம். நீலத்துக்கும் அவள் விரலுக்கும் ஒரு சாண் தூரம் இருந்தது.

"அங்க என்னதான்டா இருக்கு?"

"மலைம்மா. அப்புறம் பனி."

"பனிதானே. மார்கழியில விடியக்காலம் விழுமே, அதுதானே? குல்லா போட்டுக்கோ, தலையில இறங்காம பார்த்துக்கோ."

சேதுபதி காலண்டரை ஒரு பார்வை பார்த்தான். பிறகு, சரிம்மா என்றான். எனக்கும் பனி என்றால் காலையில் புல்லில் பூத்திருப்பதுதான். காலண்டரில் மலையை மூடிக் கிடந்ததற்கும் நம் பாஷையில் அதே வார்த்தைதான். அந்தக் கல்லூரியை அவன் எதற்கு விரும்பினான் என்று மட்டும் எனக்குத் தெரியும். மலையின் அடிவாரத்திலேயே சறுக்குகிற இடம் இருந்தது. வகுப்பு முடிந்து நடந்தே போய்விடலாமாம். பிள்ளை ஆசைப்பட்ட இடமும் அம்மா பயப்படாத இடமும் ஒன்றாக அமைந்ததே என்று நான் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

கப்பல் கூடாது என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். பாயா லேபாரிலிருந்து விமானத்தில் போனான். கடலுக்கு மேலே பறக்கும்போது கீழே குனிந்து பார்க்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினாள். வீரமாகாளியம்மன் கோவிலில் இருந்து கொண்டு வந்த திருநீற்றைச் சட்டைப் பையில் வைத்து ஊக்குக் குத்தினாள். விமானம் ஏறிப் போன பிறகு என்னைப் பார்த்து, இனிமேல் நான் நிம்மதியாகத் தூங்குவேன் பிலோமி என்றாள். சொன்னபடி தூங்கவும் செய்தாள். மழைநாளில்கூடக் குறட்டை கேட்டது.

அவன் அங்கே சறுக்கக் கற்றுக்கொண்டான். போட்டிகளுக்குக்கூடப் போனான். மூன்றாம் வருஷம் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடப்பதாகக் கடிதம் வந்தது. பனியில் சறுக்கி விழுந்துவிட்டானாம். கோவிந்தசாமி வாசித்துச் சொன்னதும் ரத்தினம்மா தலையில் அடித்துக்கொண்டாள். புல் ஈரமாக இருந்திருக்கும், செருப்பு வழுக்கியிருக்கும், பார்த்து நடக்க வேண்டாமா என்று மூன்று நாள் புலம்பினாள். அதற்கு மேல் அவள் மனசில் ஒன்றும் ஓடவில்லை.

1963இல் படிப்பை முடித்துக்கொண்டு வந்தான். நல்ல நிறமாக, தோள் அகலமாக, இடது காலை லேசாக இழுத்து நடந்துகொண்டு. நல்ல உத்தியோகம் கிடைத்தது. அம்மா மில்லிலிருந்து வந்தால் குளிர்ந்த தண்ணீர் குடிக்கட்டும் என்று ஒரு குளிர்ப்பெட்டி வாங்கிப் போட்டான். எங்கள் தெருவில் அப்போது அது பெரிய அதிசயம். தெருமுனைப் பூவம்மா கடையிலிருந்தெல்லாம் வந்து திறந்து திறந்து பார்த்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியின் மேல்தட்டில் வெள்ளையாகப் படிந்திருந்ததை ரத்தினம்மா கரண்டியால் சுரண்டினாள். உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு, இது என்னடா உப்பு மாதிரி என்று கேட்டாள். மிளகாய் எரிச்சலுக்கு அது சுகமாக இருந்திருக்க வேண்டும், கையை மூடி மூடித் திறந்தாள்.

"இதுதான்மா பனி. நான் விழுந்தேன்ல, இதுதான் மேல இருந்து மலை மாதிரி சரிஞ்சு என்னை மூடிடுச்சு. கழுத்து வரைக்கும் புதைஞ்சு கிடந்தேன். கூட வந்த பசங்கதான் தோண்டி எடுத்தாங்க."

இதை அவன் அதுவரை சொல்லியிருக்கவில்லை. ரத்தினம்மா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளை கரைந்து விரல் இடுக்கு வழியாகச் சொட்டியது.

"டேய். இது தண்ணிடா" என்றாள்.

அலறப் போகிறாள் என்று நான் நினைத்தேன். அவள் சிரித்தாள். சிரித்து, அழுது, அவன் தலையைப் பிடித்து மடியில் அமுக்கிக்கொண்டாள். உங்களுக்குப் புரிகிறதா? தண்ணீரில் கண்டம் என்றார் ஜோசியர். தண்ணீர் வந்தது, பிள்ளையைக் கழுத்து வரை மூடியது, விட்டுவிட்டது. கண்டம் என்றால் ஒருதரம்தான். வந்து தாண்டிப் போய்விட்டால் அப்புறம் அது கழிந்த மாதிரி. இருபத்து நான்கு வருஷமாக அவள் நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த கல்லை அன்றைக்கு இறக்கி வைத்தாள்.

இராமசாமி ஜோசியரிடம் கேட்டே ஆக வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அவருக்கு அப்போது கண் சரியாகத் தெரியாது. ஜாதகத்தை மூக்குக்கு அருகில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பனியும் தண்ணீரும் ஒன்றுதானே சாமி, அப்படியென்றால் கழிந்தது தானே என்று இவள் கேட்டாள். அவர் ஜாதகத்தை மடித்து அவள் கையில் கொடுத்தார். பிறகு, "அப்படியும் வச்சுக்கலாம்" என்றார். அந்த 'உம்' என் காதில் குத்தியது. அவள் காதில் விழவில்லை. வருகிற வழியில் தெருவெல்லாம் நின்று நின்று, என் மகனுக்குக் கண்டம் கழிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு வந்தாள். நான் நம்பாதவள்தான். ஆனால் அவனுக்கு இருபத்தைந்து முடிய இன்னும் சில மாதம் இருக்கிறதே என்ற நினைப்பு என்னை விட்டுப் போகவில்லை.

தீபாவளி கழித்து வந்த ஒரு விடுமுறை நாளில், வேன் எடுத்துக்கொண்டு பாசிர் ரிஸ் கடற்கரைக்குப் போகலாம் என்றாள். யார் சொன்னது என்று கவனியுங்கள். ரத்தினம்மா சொன்னாள். விடியற்காலையிலேயே எழுந்து புளிச்சோறு கட்டினாள், பிள்ளை குளித்து வந்ததும் துவட்டப் புதுத் துண்டு ஒன்று எடுத்து வைத்தாள். கரையில் இறங்கியதும் கடலுக்கு ஒரு தேங்காய் உடைத்துக் கும்பிட்டாள்.

அங்கே ரவூப் என்கிற மலாய்க்கார மீனவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வடிகிற நேரம், கடலில் நட்டிருக்கிற அந்தக் கம்பங்களுக்கு அப்பால் போனால் இழுத்துக்கொண்டு போய்விடும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மலாயில் சொன்னார். நான் அதைத் தமிழில் ரத்தினம்மாவிடம் சொன்னேன். இவனுக்கு நீந்தத் தெரியாதே என்றும் சொன்னேன். நல்ல நாளும் அதுவுமாக அபசகுனமாகப் பேசாதே என்று என் வாயை அடைத்தாள்.

சேதுபதி கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு விளிம்பில் நின்றான். இருபத்து நான்கு வயது ஆண்பிள்ளை, நல்ல உத்தியோகத்தில் இருப்பவன், திரும்பி அம்மாவைப் பார்த்தான்.

"இறங்கவாம்மா?"

"இறங்குடா ராசா. இனிமே தண்ணி உன்னை ஒண்ணும் பண்ணாது."

இறங்கினான். முழங்கால், இடுப்பு, மார்பு. ஒவ்வோர் அடிக்கும் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். கைகளை விரித்துக்கொண்டு, மலையில் சறுக்குகிறவன் மாதிரி உடம்பை முன்னால் சாய்த்தான். அவனுக்குப் பழகியது அதுதான். ரத்தினம்மா சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கக் குனிந்தாள். நானும் இலையைப் பிடித்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது கம்பங்களுக்கு இப்பாலும் யாரும் இல்லை, அப்பாலும் யாரும் இல்லை.

ரவூப் படகைத் தள்ளிக்கொண்டு ஓடினார். அந்த வாயில்லாத கோவிந்தசாமி கழுத்தளவு தண்ணீரில் நின்று மகன் பெயரைச் சொல்லிக் கத்தினார். நான் செபமாலையை எடுத்தேன், ஒரு செபமும் வாயில் வரவில்லை. போலீஸ் வந்தது. வந்தவர் மலாய்க்காரர், தமிழ் தெரியாதவர். ஆட்களைக் கடலுக்குள் அனுப்பினார்.

ரத்தினம்மா அழவில்லை. அவளுக்குக் கோபம். அந்தப் போலீஸ்காரரின் கையைப் பிடித்து, கடலுக்கு எதிர்ப்பக்கம் இருந்த தென்னந்தோப்பைக் காட்டினாள்.

"தண்ணியில ஏன்யா தேடுறீங்க? அவனுக்குத் தண்ணி கண்டம் கழிஞ்சு போச்சு. அந்தத் தோப்புல போய்ப் பாருங்க, எங்கயாவது படுத்துத் தூங்குவான். சொல்லு பிலோமி. அவருக்குப் புரியற மாதிரி சொல்லு."

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். கண்டம் என்கிற அந்தப் பொல்லாத வார்த்தைக்கு மலாயில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தோப்பில் பார்க்கச் சொல்கிறாள் என்று மட்டும் சொன்னேன். அவர் நல்ல மனுஷன், இரண்டு பேரைத் தோப்புக்கும் அனுப்பினார். சாயங்காலம் ரவூப்பின் படகு கரைக்குத் திரும்பி வந்து, நான்கு பேர் சேர்ந்து அவனைத் தூக்கி இறக்கினார்கள். ரத்தினம்மா புதுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தோப்பைப் பார்த்தபடியே நின்றிருந்தாள்.